இருபத்தொன்றாம் வசனத்திலிருந்து

போன தை மாதம் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். வேதபாடத்தை அத்தைதான் வாசிக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் ஆராதனைத் தாளில் என் பெயர் ஏறியது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள், உச்சரிப்பாவது சுத்தமாக இருக்கும் என்று சபையிலும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. முந்தின நாள் இரவு தம்பி ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தான். எபேசியர் 5, 22 முதல் 33 வரை. தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணம் ஒன்றுக்காவது போயிருக்கிறவர்களுக்குத் தெரிந்த பகுதிதான். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தொடங்கும்.

"இருபத்தொண்ணுலேர்ந்து வாசிக்கிறேன்டா" என்றேன்.

"வேணாம்க்கா. சீட்டுல இருக்கிறத மட்டும் வாசி. போதகர் ஐயா அதுக்குத்தான் பிரசங்கம் தயார் பண்ணியிருக்காரு."

ஒரே ஒரு வசனத்துக்கு இவ்வளவு தயக்கம். அந்த 21ஆம் வசனத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று இருக்கிறது. அவ்வளவுதான். ஆண், பெண் என்ற பிரிவே அதில் இல்லை. அந்த வசனத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அடுத்ததிலிருந்து தொடங்கித்தான் நம் பெண்களைக் கட்டிக்கொடுக்கிறோம்.

நான் கிரேக்கம் படித்தவள் அல்ல. ஆனால் ஒரு வாக்கியத்தில் வினை எங்கே இருக்கிறது என்று தேடுவது என் தொழில். அந்தப் பழக்கத்தில் இந்தப் பகுதிக்கு எழுதப்பட்ட உரைகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பு தேடிப் படித்தேன். அறிஞர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த செய்திதான். ஆலய மேடைக்கு மட்டும் வந்து சேரவில்லை. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில், பாப்பிரஸ் 46 என்று சொல்லப்படுவதிலும் வத்திக்கான் படியிலும், 22ஆம் வசனத்தில் கீழ்ப்படிதலைச் சொல்லும் வினைச்சொல்லே கிடையாது. 'மனைவியர் தம் கணவருக்கு' என்பதோடு நிற்கிறது. வினையை முந்தைய வசனத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். அங்கே இருப்பதும் முற்று அல்ல, ஏறக்குறைய நம் வினையெச்சம் போன்ற ஒன்று. ஆவியால் நிறைந்திருங்கள் என்ற 18ஆம் வசனத்து ஏவலில் அது போய்த் தொங்குகிறது. எச்சத்தை முற்றாக்கினால் பொருள் மாறும் என்று முதலாண்டு மாணவிக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே, எல்லாருக்கும் பொதுவான ஒரு வினையைப் பிடுங்கி, மனைவிக்கு மட்டும் ஏவல்முற்றாக்கி, அதையே வேதபாடத்தின் முதல் வரியாகவும் வைத்துவிட்டார்கள். பல மொழிப் பதிப்புகளில் இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவே ஓர் உபதலைப்பையும் செருகியிருக்கிறார்கள். சுவர் எழுப்பியாயிற்று.

தமிழின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை முழுதாக அச்சிட்ட நாள் முதல், இந்த நூலைத் தமிழில் சொல்ல எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இன்று சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்கள். மனைவிக்கும் கீழ்ப்படிதல், ஆறாம் அதிகாரத்தில் பிள்ளைக்கும் கீழ்ப்படிதல், அடுத்து வேலைக்காரருக்கும் கீழ்ப்படிதல். கிரேக்கத்தில் இவை ஒரே சொல் அல்ல. பிள்ளைகளுக்கும் அடிமைகளுக்கும் வருவது, சொன்னதைக் கேட்டு நடப்பதைக் குறிக்கும் வினை. மனைவி பகுதிக்குக் கடன் வாங்கப்படுவது, தன்னைக் கீழே நிறுத்திக்கொள்வதைக் குறிக்கும் வேறு வினை. தமிழுக்கு வரும்போது எட்டு வயதுப் பிள்ளையும் எட்டு மாதக் கர்ப்பிணியும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டார்கள். நாம் வேலைக்காரர் என்று படிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பவர் அடிமை. சம்பளம் வாங்கும் ஆள் அல்ல, விலைக்கு வாங்கப்பட்ட ஆள்.

இந்த அடிமைதான் முக்கியம். மனைவி, பிள்ளை, அடிமை என்று மூவரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். ரோமானிய வீடு ஒன்றின் கணக்கு அது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்திக் காட்டு எஜமானர்கள் ஆறாம் அதிகாரத்தைக் காட்டித்தான் கறுப்பின மக்களுக்குப் பிரசங்கம் செய்தார்கள். இந்தியாவில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கிருந்த சட்ட அங்கீகாரத்தை விலக்கியது. இன்று எந்தப் போதகராவது மேடையேறி, அடிமைகளே எஜமானுக்கு அடங்குங்கள், அதுவே அன்பு என்று பேசுவாரா? பேசினால் சபையே எழுந்து போய்விடும். அது அந்தக் காலத்து வழக்கம், பவுலின் காலச் சூழல் என்று அழகாக விளக்கிவிடுகிறார்கள். பட்டியலின் கடைசி வரிக்குக் காலச் சூழல் உண்டு, முதல் வரிக்கு மட்டும் கிடையாதாம். அடிமை விடுதலையானார், பிள்ளைக்கும் உரிமைகள் வந்தன, மனைவி மட்டும் அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஏனென்றால் அதை நம்பித்தான் வளர்ந்தேன். கீழ்ப்படிதல் என்பது அடிமைத்தனம் அல்ல, அன்பின் இன்னொரு பெயர் என்பார்கள். கிறிஸ்துவே தம்மை வெறுமையாக்கினார், சீடரின் கால்களைக் கழுவினார், தாழ்ந்தார். தாழ்மையே உயர்ந்த அன்பு என்பார்கள். சரி. கால்களைக் கழுவிய காட்சியை இன்று வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் யார் குனிந்தார் என்று பாருங்கள். போதகரும் ஆண்டவருமாக இருந்தவர், மேசையை விட்டு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். குனியாமல் இருக்க உரிமை உள்ளவர் குனிந்ததால்தான் அது செய்தி. அதனால்தான் பேதுரு பதறினார். அந்த வீட்டில் ஓர் அடிமைப் பெண் கழுவியிருந்தால் பேதுரு காலை நீட்டிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்திருப்பார், யோவானும் அதை எழுதி வைத்திருக்க மாட்டார். வெறுமையாக்கியதும் அப்படித்தான். நிறைந்திருந்தவர் தம்மைக் கொட்டினார். கையில் ஒன்றுமில்லாதவளிடம் போய் உன்னை வெறுமையாக்கு என்றால் அவள் எதைக் கொட்டுவாள்?

1960இல் வாலரி சேவிங் என்ற அமெரிக்கப் பெண் இதை ஒரு கட்டுரையில் கேட்டார். தன்னை உயர்த்துவதே மனிதனின் மூலப் பாவம் என்று ஆண் இறையியலாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்களே, பெண்ணின் சோதனை அதுவா, தனக்கென்று ஒரு சுயமே இல்லாமல் கரைந்துபோவதுதானே என்று. தலைக்கனத்துக்கான மருந்தை, தலையே நிமிராதவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். மாதக் கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டு வாங்கிய கவரைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுப்பாள். அப்பா திங்கட்கிழமைதோறும் பஸ்ஸுக்குக் காசு எண்ணிக் கொடுப்பார். அப்பா கெட்டவர் அல்ல. கை ஓங்கியதில்லை. குடும்ப ஜெபத்தில் கீர்த்தனை பாடினால் தெருவே கேட்கும். அந்தக் கவர் கைமாறும் நேரத்தை உலகத்தின் மிக அழகான காட்சி என்று நான் சிறுவயதில் நினைத்திருந்தேன். ஆரம்ப காலக் கவிதை ஒன்றில் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறேன். இப்போது அதைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை. அப்பா இறந்த மாதம், வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பத் தெரியாமல் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம் அம்மா உதவி கேட்டாளாம். அடுத்த தலைமுறைக்கு முப்பத்தொரு வருடம் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தவள். அன்று இரவு அவள் அழவில்லை. "அவருக்குச் சந்தோஷமா இருந்துச்சு, குடுத்தேன்" என்றாள். கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி அதற்குமுன் அவளிடம் வந்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. மறுக்கலாம் என்ற நினைப்பே வராத இடத்தில், கொடுத்தது அன்பா பழக்கமா என்று எப்படிப் பிரிப்பது? எனக்கு இன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும் என்கிறாள்.

கேள்வி கேட்ட பெண்ணுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதற்குப் பண்டித ரமாபாய் சாட்சி. சமஸ்கிருத சாஸ்திரங்களில் கரைகண்டவர், இளம் விதவை, கைக்குழந்தையோடு 1883இல் இங்கிலாந்துக்குப் போனார். அதே ஆண்டு வாண்டேஜ் ஊரின் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு ஆன்மிகத் தாயாக இருந்தவர் சகோதரி ஜெரால்டின். பிறகு செல்டனம் பெண்கள் கல்லூரியில் ரமாபாய் படித்துக்கொண்டிருந்தபோது, ஆண் மாணவர்களுக்கும் அவர் பாடம் நடத்தலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கூடாது என்று இந்தியாவில் இருந்த ஆயர்கள் தடுத்தார்கள். நாளைக்கு இந்தியாவில் அவர் செல்வாக்குக் கெட்டுவிடுமாம். அந்தக் காலத்துக் கடிதங்கள் 1977இல் நூலாக வந்தன. அவற்றில் ஒரு பக்கம் தாழ்மை வேண்டும், பெரியோருக்கு அடங்க வேண்டும், உனக்கு அகந்தை என்று கண்டிப்பு. இன்னொரு பக்கம், புரோகிதர்களின் நுகத்தை இப்போதுதான் கழற்றினேன், இன்னொரு நுகத்துக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்ற பதில். ரமாபாய் விசுவாசத்தை விடவில்லை, மனசாட்சியையும் விடவில்லை. வேதத்தை யாரும் தனக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். எளிய பெண்களுக்குப் புரியும் மராத்தியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். கேட்காவில் அவர் அமைத்த முக்தியில், விதவைகளும் பஞ்சத்தில் மீட்கப்பட்டவர்களுமான பெண்களே அச்சுவேலை செய்தார்கள். அகந்தை என்று ஏசப்பட்டது இப்படித்தான் வெளிப்பட்டது. நம் ஊர் மாதர் கூட்டங்களில் ரமாபாயை ஜெப வீராங்கனை என்று போற்றுகிறார்கள். இந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

மராட்டியம் வரை போவானேன், நாஞ்சில் நாட்டுக்கு வாருங்கள். அப்போது தெற்குத் திருவிதாங்கூர், இப்போது கன்னியாகுமரி மாவட்டம். நாடார் பெண்களும், அவர்களைப் போலவே தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேல்சாதியார் முன் மார்பைத் திறந்து நிற்க வேண்டும். அதற்கு மரியாதை என்று பெயர், அடக்கம் என்று பெயர், பணிவு என்று பெயர். கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் குப்பாயம் போட்டார்கள், பிறகு தோளில் சீலையும் போட்டார்கள். சந்தைகளில் அவற்றைக் கிழித்தார்கள். 1829இல் தோள்சீலைக்குத் தடை விதித்து அரசாணை வந்தது. பெண்கள் அதை மீறினார்கள். 1858, 59இல் கலவரம் பெரிதாகி ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. கடைசியில் 1859 ஜூலையில் மன்னர், மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்று ஒரு பிரகடனம் செய்தார். சலுகை தரும்போதும் ஒரு முடிச்சு.

இந்த வரலாற்றைச் சபைகள் பெருமையாகச் சொல்கின்றன. சொல்லட்டும், பெருமைதான். ஆனால் அந்தப் பெண்கள் செய்தது என்ன? கீழ்ப்படியாமல் இருந்தார்கள். மன்னன் ஆணையை மீறினார்கள். மரபு கேட்ட பணிவைத் தர மறுத்தார்கள். வற்புறுத்தி வாங்கும் பணிவு அன்பல்ல, அவமானம் என்று திருச்சபைக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. கேட்டவன் வெளியாளாக, மேல்சாதிக்காரனாக இருந்தபோது தெரிந்தது. கேட்டவன் வீட்டுக்குள் இருக்கும் கணவன் ஆனதும் எப்படி மறந்தது?

கிறிஸ்தவர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவதாக யாரும் மகிழ வேண்டாம். தெய்வத்தைத் தொழாமல் கணவனைத் தொழும் பெண்ணைப் புகழும் குறளை, வாழ்க்கைத் துணைநலத்தில் ஐந்தாவதை, நான் வருடாவருடம் வகுப்பில் நடத்துகிறேன். அடக்கமுடைமை என்று ஒரு முழு அதிகாரத்தை வள்ளுவர் எல்லாருக்கும் பொதுவாகத்தான் வைத்தார். வழக்கில் அந்தச் சொல் எங்கே போய்ச் சேர்ந்தது? அடக்கமான பையன் வேண்டும் என்று எந்த மணமகள் விளம்பரமாவது கேட்கிறதா? எங்கள் வழக்கில் அடக்க ஆராதனை என்றால் சாவு வீட்டு ஆராதனை. பெண்ணுக்கும் பிணத்துக்கும் ஒரே சொல் போதும் என்று மொழி தானாகவே முடிவு செய்துவிட்டது.

இதில் என் பங்கும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒப்பாரிப் பாடல்களில் எம்.ஃபில். ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, சுற்றுக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிறவள், ஒருநாள் துறை அறையில் எல்லாரும் போன பிறகு முழுக்கை ரவிக்கையை மேலே தள்ளிக் காட்டினாள். கன்றிப்போன கை. கல்யாணமாகி ஏழு மாதம். "என்ன மேடம் செய்யட்டும்?" என்றாள். அவள் கிறிஸ்தவப் பெண் அல்ல, நானும் எந்த வசனமும் சொல்லவில்லை. "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போம்மா, போகப் போகச் சரியாயிடும்" என்றேன். வசனம் செய்யும் வேலையை வசனம் இல்லாமலே செய்துவிட்டேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்து, 2006 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்திருந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. மகளிர் தினத்தில் இதே மாணவிகள் முன்னால் அந்தப் பிரிவைப் பற்றி நானே பேசியிருக்கிறேன். கண்ணெதிரே கன்றிய கை நின்றபோது வாயில் வந்தது சட்டம் அல்ல, என் பாட்டி. அந்தப் பெண் அடுத்த பருவத்துக்கு வரவில்லை. ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. சில ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நிற்கவில்லை.

அதன்பிறகு, எங்கள் ஊரில் நான் பிறந்தது முதல் பார்த்துவந்த ஒரு திருவிழாவை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கல் அன்று திருவூடல். அதற்கென்றே ஒரு தெரு, திருவூடல் தெரு. அம்மனை வணங்க மறுத்து ஈசனை மட்டுமே சுற்றிவரும் பிருங்கி முனிவருக்கு அண்ணாமலையார் காட்சி கொடுக்கப் போகிறார். என்னை மதிக்காதவனுக்கு நீ ஏன் அருள வேண்டும் என்று உண்ணாமுலை அம்மன் ஊடுகிறாள். சுந்தரர் நடுவே தூது. இரண்டு சப்பரங்களும் முன்னும் பின்னும் ஓடி ஆடுகின்றன, தெருவே ஆர்ப்பரிக்கிறது. அம்மன் சமாதானம் ஆவதில்லை. கோயிலுக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அண்ணாமலையார் அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் மலையைச் சுற்றி வந்து, அதன் பிறகுதான் மறுவூடல், சமரசம்.

இதைப் பெண் விடுதலை என்று கொண்டாட நான் தயாரில்லை. நம் இலக்கியத்தில் ஊடல் பிறந்த இடமே மருதம். தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய் வந்தால் தலைவிக்கு அனுமதிக்கப்பட்ட எதிர்ப்பு அது மட்டுமே. எவ்வளவு நேரம் கோபிக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. கார்த்திகை தீபத்தன்று சில நிமிடம் வெளியே வரும் அர்த்தநாரீசுவரர் கதையிலும், பாதி உடம்பைப் பெற அவள்தான் தவம் இருக்க வேண்டியிருந்தது. சாமியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடாது. திருவூடல் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட ஆண், வீட்டில் மனைவி முகம் திருப்பினால் அறைகிறான்.

ஆனாலும் அந்தக் கதவு என்னை விடவில்லை. அவளுக்கு உள்ளே போகத் தனக்கென்று ஓர் இடம் இருக்கிறது. சாத்தக் கதவு இருக்கிறது. அதனால்தான் மறுநாள் அவள் திறப்பதற்கு அன்பு என்று பெயர். சாத்த முடியாத கதவைத் திறந்து வைத்தாள் என்று யாரையும் புகழ முடியுமா? தாழ்மை தாழ்மை என்கிறார்களே, முதலில் அவள் கையில் தாழ்ப்பாளைக் கொடுங்கள்.

கதவைத் தராமல் பார்த்துக்கொண்டது வசனம் மட்டும் அல்ல. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, மனைவி வேறொருவனோடு உறவு கொண்டாள் என்று காட்டினாலே கிறிஸ்தவக் கணவன் மணவிலக்குப் பெறலாம். அதற்கு மேல் அந்த வேறொருவனிடம் நஷ்டஈடும் கேட்கலாம், மாடு திருடு போனதைப் போல. மனைவிக்கு அது போதாது. கணவனின் பிற உறவோடு கொடுமையையோ, இரண்டு ஆண்டுகளாகக் கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடிவாங்கியது மட்டும் போதாது, கைவிடப்பட்டது மட்டும் போதாது. 1995இல் கேரள உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவின் அநீதியைக் களைந்தது. நாடாளுமன்றம் திருத்தியது 2001இல். நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள், பொறுத்துப் போவதே அன்பு என்று மேடையிலிருந்து கேட்ட பெண்களுக்கு வெளியேறும் வழி இப்படித்தான் இருந்தது. வழியை அடைத்து வைத்துவிட்டு, பார், போகாமல் இருக்கிறாள், எத்தனை அன்பு என்று சாட்சி சொன்னோம்.

சொத்திலும் அதே கதை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், 1916. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கின் மதிப்பில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. குறைவானது என்று சட்டத்திலேயே எழுதி வைத்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும். கணவனைப் பிரிந்து இரண்டு குழந்தைகளோடு வந்த மேரி ராய், ஊட்டியில் அப்பாவின் குடிலில் தங்கினார். மகளுக்கு உரிமை இல்லை, வெளியே போ என்று சொல்ல அண்ணன் வந்தார். திருவிதாங்கூர்ச் சட்டம் நீலகிரியில் செல்லாது என்பதால்தான் அந்தக் கதவு அவரை அன்று காத்தது. பின்னாளில் அவர் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்தப் பழைய சட்டம் 1951லேயே காலாவதியானது, மகளுக்கும் சமபங்கு என்று தீர்ப்பளித்தது. கேரளத்துச் சபைத் தலைவர்கள் மகிழவில்லை, எதிர்த்தார்கள். குடும்பங்கள் உடையும் என்றார்கள். மகளுக்குச் சமபங்கு கொடுத்தால் உடைகிற அன்பு என்ன வகை அன்பு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு வீட்டுக்கு இரண்டு தலை கூடாது என்று தம்பி அடிக்கடி சொல்வான். அதே எபேசியரில் பெண்ணுக்கு மூன்று வசனம், ஆணுக்கு ஒன்பது வசனம். உயிரையே ஒப்புக்கொடுக்கும் அளவுக்கு மனைவியை நேசி என்று இருக்கிறது. அதை எந்தக் கணவனிடமாவது யாராவது அளந்து பார்த்ததுண்டா? மனைவி கீழ்ப்படிந்தாளா என்பதை மாமியார், நாத்தனார், தெரு, சபை எல்லாரும் அளக்கிறார்கள்.

கல்யாணத்தன்று வாசிக்கும் பீடத்தில் ஏறினேன். சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "எபேசியருக்கு எழுதின நிருபம் ஐந்தாம் அதிகாரம், இருபத்தொன்றாம் வசனம் முதல்" என்றேன். தம்பி தரையைப் பார்த்தான். வாசித்து முடித்து இறங்கினேன். போதகர், தயார் செய்திருந்த பிரசங்கத்தையே ஒரு சொல் மாற்றாமல் செய்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் பந்தியில், "டீச்சர், நீங்க ஒரு வசனம் கூட வாசிச்சிட்டீங்க" என்று கரிசனமாகத் திருத்தினார். தம்பி மகள் சிரித்தாள். புதுவீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது என்று ஒரு வாரம் முன்பு என்னிடம் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இரவு வீட்டுக்கு வந்து பட்டுப்புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் வேதாகமத்தை எடுத்து வரச் சொன்னாள். நாற்பது வருடமாகப் புரட்டிப் புரட்டி ஓரம் நைந்த புத்தகம். எபேசியரைத் தேடி எடுத்தாள். 22ஆம் வசனத்தின் கீழே அப்பாவின் சிவப்புப் பென்சில் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு மேலே இருந்த வரியில் விரலை வைத்தாள்.

"இது எப்பவும் இங்கதான் இருந்துச்சாடி?"

"இங்கதாம்மா இருந்துச்சு."

உரக்க ஒருமுறை வாசித்தாள். பிறகு விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.